கத்திரி அக்காவின் பித்தப்பை

சமையலறையிலிருந்து டம்ளருக்குள் ஸ்பூன் சுழலும் சத்தம் வந்தது. சர்க்கரை கரைகிறது. ஒரு ஸ்பூன் அல்ல, இரண்டு. சத்தம் நீண்ட நேரம் கேட்டதிலேயே கத்திரி அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது.

"யாருக்குடி டீ போடறே?" கட்டிலில் படுத்தபடியே கத்தினாள். கத்தியதில் வலது விலாவுக்குக் கீழே யாரோ குத்தூசியை ஏற்றியதைப் போல் சுருக்கென்றது. தலையணையை எடுத்து அங்கே அழுத்திக்கொண்டாள்.

"கார்டு சாருக்கு அண்ணி..." நாத்தனாரின் குரல் பாதி வழியிலேயே செத்துப்போனது.

"அந்த ஆளு செருப்பைக் கழட்டறதுக்குள்ள டீயா? பக்கத்துல நின்னு விசிறியும் விடு, போ!"

"மெதுவா அண்ணி. கேட்டுடப் போகுது."

"கேக்கட்டும்னுதான் கத்தறேன்."

முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கார்டு சாருக்கு அது நன்றாகவே கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மடியில் இருந்த தோல்பையின் ஜிப்பை ஒருமுறை திறந்து மூடினார்.

அக்காவின் சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டிலும் இன்சூரன்ஸ் கார்டிலும்தான் பார்க்கலாம். மற்றபடி சீருடை தைக்கும் அந்தப் பட்டறையில் நூற்றுப்பத்துப் பேருக்கும் அவள் கத்திரி அக்காதான். கழுத்தில் கயிறு கட்டிக் கத்திரிக்கோலைத் தொங்கவிட்டுக்கொண்டு நாளெல்லாம் வெட்டு மேசையைச் சுற்றி நடப்பவள். முப்பத்துமூன்று வயதில் இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். இப்போது நாற்பத்தேழு. நாற்பது அடுக்குத் துணியை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, மேலே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, மின்கத்தியை ஒரே ஓட்டத்தில் ஓட்டினால் நாற்பது துண்டும் ஓர் இழை பிசகாமல் வரும். அந்தப் பட்டறையில் தைப்பதில் பாதி ஆஸ்பத்திரித் துணி. முதுகுப்பக்கம் முடிச்சுப் போடும் நீல அங்கி போட்டுக்கொண்டு இந்த நகரத்தில் ஆபரேஷனுக்குப் போகிற ஒவ்வொருவரும் அக்காவின் கைபட்ட துணியில்தான் போகிறார்கள். அத்தனை பேருக்கு அங்கி வெட்டியவளுக்கு ஓர் அங்கியை மாட்டி உள்ளே அழைத்துப்போக ஆளில்லை. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

பத்து நாட்களுக்கு முன்னால் வேலை நேரத்தில் வலி வந்தது. வாந்தி, காய்ச்சல், உடம்பெல்லாம் நடுக்கம். ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருத்தி வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் தமிழில் சொன்னாள்: "பித்தப்பை முழுக்கக் கல்லு அக்கா. வீங்கிப் போயிருக்கு. எடுத்தே ஆகணும். இப்போதைக்கு மருந்துல அடக்கி வைக்கலாம். மறுபடி காய்ச்சல் வந்தா தாங்காது, உள்ளேயே வெடிச்சுடும்."

அக்கா பயப்படவில்லை. கார்டு இருக்கிறதே! பதினான்கு வருஷத்தில் மூன்றே முறைதான் அதைத் தனக்காக நீட்டியிருக்கிறாள்: ஒரு பல், ஒரு விஷக்காய்ச்சல், ஊசி ஏறிய ஒரு விரல். இப்போது நான்காவது முறை. கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் கார்டை வாங்கி, தட்டி, பார்த்து, மறுபடி தட்டினாள்.

"அனுமதி மறுத்துட்டாங்க."

"ஏம்மா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே உங்களுக்குப் பித்தப்பையை எடுத்தாச்சுன்னு இருக்கு. எடுத்ததை மறுபடி எப்படி எடுக்க முடியும்னு கேக்கறாங்க."

"இப்பதானே உங்க டாக்டரம்மா திரையில காட்டினாங்க, இருக்குன்னு!"

"கம்ப்யூட்டர்ல இல்லைன்னு இருக்கே அக்கா."

"என் வயித்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமா, உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?" என்று அக்கா கவுண்டரைத் தட்டினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் தட்டிய கை பாதியிலேயே தளர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றதும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அந்தக் கதை நடந்தது ஒரு நண்பகலில். அக்காவின் கணவர் ஊரில் இறந்த பிறகு, கட்டியவன் கைவிட்ட அவர் தங்கையைத் தன்னோடு அழைத்து வந்திருந்தாள் அக்கா. அண்ணனே போன பிறகு உனக்கென்ன தலையெழுத்து என்று உறவெல்லாம் கேட்டது. "என் கூடப் பொறந்திருந்தா விட்டுடுவேனா?" என்று அதே பட்டறையில் இஸ்திரி மேசையில் சேர்த்துவிட்டாள். ஒன்பது மாதம் ஆகியும் நாத்தனாருக்கு இன்சூரன்ஸ் கார்டு வரவில்லை. விசா, கார்டு, விமானச்சீட்டு எல்லாம் பார்க்கிற கம்பெனி ஆள்தான் கார்டு சார். கேட்டால் "அடுத்த வாரம் வந்துடும்மா" என்பார். ஒன்பது மாதமும் அவருக்கு அடுத்த வாரமாகவே இருந்தது.

அப்போதுதான் நாத்தனார் இஸ்திரி மேசைக்கடியில் சுருண்டு விழுந்தாள். அவளுக்கும் இதே கல், இதே வலி. ஒரே வீட்டுச் சமையல் என்று பட்டறையில் பிற்பாடு கேலி செய்தார்கள். காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனது கார்டு சார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர்தான் சொன்னார்: "அக்கா, உங்க கார்டைக் குடுங்க. போட்டோ தபால்தலை சைஸ்ல இருக்கு. இவங்களுக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான். உசிரு முக்கியமா, கார்டு முக்கியமா?"

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நம் ஜனங்கள் பக்கத்து அறைக்காரிக்குப் புடவையைக் கொடுப்பார்கள், செருப்பைக் கொடுப்பார்கள், குடையைக் கொடுப்பார்கள். அந்த வழக்கத்திலேயே கார்டையும் கொடுத்துவிட்டாள். ஒரு துண்டு பிளாஸ்டிக்கோடு தன் வயிற்றுக்குள் இருக்கிற ஓர் உறுப்பையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று அந்தப் பாவிக்கு யார் சொன்னார்கள்?

மூன்று நாள் நாத்தனார் அண்ணி பெயரில் படுத்திருந்தாள். நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டால் அவள் பாட்டுக்கு மோட்டுவளையைப் பார்ப்பாள். "உன்னைத்தாண்டி, 'ம்' சொல்லு" என்று அக்கா தொடையில் கிள்ளுவாள். அறைக்கு வந்த பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் டாக்டர் நர்ஸ் மூலமாக ஒரு வழி சொன்னாள். முந்தைய ஆபரேஷன் வேறொருவருக்கு நடந்தது என்று கம்பெனி எழுத்தில் கொடுத்தால் போதும். ஸ்கேன் படத்தோடு அவளே அனுப்பி ஒரே நாளில் அனுமதி வாங்கித் தருவாள். எல்லாம் ஒரே ஒரு கடிதத்தில் வந்து நின்றது. அதைக் கேட்டு அக்கா கார்டு சாருக்குப் பதினேழு தடவை போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. இன்று, விடுமுறை நாளில், கூடத் தங்கியிருக்கும் மற்ற பெண்கள் எல்லாம் கடைத்தெருவுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். நாத்தனார் டீயை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அக்கா, உட்காருங்க. எழுந்துக்கணுமா? ரெஸ்ட் எடுக்கணும் நீங்க" என்றார் கார்டு சார்.

"ரெஸ்ட்டு குடுக்கத்தானே பத்து நாளா போனை எடுக்கலை. ரொம்ப நன்றி சார். கடிதம் எங்க?"

"அதான் கொண்டு வந்திருக்கேன்." பையிலிருந்து இரண்டு தாள் வந்தன. அழகாக அச்சடித்தவை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி. "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. சும்மா ஒரு வழக்கத்துக்குத்தான்."

"என்ன எழுதியிருக்கு?"

"அதான் அக்கா, உங்க ட்ரீட்மென்ட் விஷயமா."

"எனக்கு இந்த ஊரு எழுத்து தெரியாது. நீங்க படிச்சுச் சொல்லுங்க. வரி வரியா."

கார்டு சார் டீயைக் குடித்தார். குடிக்கும் வரை பதில் சொல்ல வேண்டாமே! "முதல் தாள்ல, இந்த ஆபரேஷன் எனக்கு வேண்டாம், கேட்டதை வாபஸ் வாங்கிக்கறேன்னு இருக்கு. பதறாதீங்க. ரெண்டாவதுல, உடம்பு சரியில்லாததால நானா வேலையை விட்டுட்டு ஊருக்குப் போறேன்னு. முதலாளி பெரிய மனசு பண்ணி டிக்கெட் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டார். ஊர்ல நல்ல ஆஸ்பத்திரிங்க இருக்கே. சொந்தபந்தம் பக்கத்துல இருக்கும்."

"ஊருக்குப் போனா இந்தக் கார்டு செல்லுமா?"

"அது... வேலை போனா விசா போகும். விசா போனா கார்டும்..."

"கார்டும்?"

"ரத்தாயிடும்."

"அப்போ வேலை இல்லை, விசா இல்லை, கார்டு இல்லை. வயித்துல கல்லு மட்டும் பத்திரமா என்கூட வரும். விமானத்துல அது வெடிச்சா என்ன பண்றது சார்? ஜன்னலைத் திறந்து எறிஞ்சுடலாமா?"

"அக்கா, உங்க நல்லதுக்குத்தான்..."

"பதினாலு வருஷம்!" அக்காவின் குரல் கிறீச்சிட்டது. "பதினாலு வருஷமா நின்ன கால்ல நின்னு வெட்டியிருக்கேன். என் புருஷன் செத்த சேதி வந்தப்பகூட, கையில இருந்த நாற்பது அடுக்கை முடிச்சுட்டுத்தான் அழுதேன். எனக்கு உடம்புன்னு ஒண்ணு இருக்குன்னு இன்னைக்குத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்ச உடனே மூட்டை கட்டிட்டீங்க!"

நாத்தனார் சுவரோரம் நின்று விசும்பினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "சார், தப்பு என்மேல. என்னை ஊருக்கு அனுப்பிடுங்க. என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க. எங்க அண்ணிக்கு ஆபரேஷன் மட்டும்..."

"வாயை மூடுடி!" அக்கா சீறினாள். "தியாகம் பண்ண வந்துட்டா. உன்னை யாரு கேட்டா? விழுந்து கிடந்தவ நீ. நீ என்னடி தப்புப் பண்ணினே? மூச்சு விட்டதா?"

கார்டு சாருக்கு அந்த அழுகை ஒரு பிடியாகக் கிடைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாருங்க அக்கா, சட்டம்னு ஒண்ணு இருக்கு. உங்க கார்டை இன்னொருத்தர் உபயோகிச்சது குற்றம். நான் கம்பெனி சார்பா எழுதிக் குடுத்தா உங்க ரெண்டு பேருக்கும்தான் ஆபத்து. போலீஸ் வரலாம். அதையெல்லாம் யோசிச்சுத்தான் அமைதியா முடிக்கப் பார்க்கறேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின காரியம் இது. கம்பெனிக்கு இதுல என்ன சம்பந்தம்?"

அக்காவின் வலிகூட ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்திருக்க வேண்டும்.

"என்ன சொன்னீங்க?"

"நீங்க ரெண்டு பேரும்தானே..."

அக்கா அலமாரிப் பக்கம் போனாள். அதைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். உள்ளேயிருந்து ஒரு தாளை உருவி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோப்பு வைக்கற அறையில கேட்டேன். என் பேர்ல இருக்கற கோப்பு, எனக்கு நடந்ததா அவங்களே சொல்ற ஆபரேஷன். நான் கேட்டா குடுக்க மாட்டேன்னு சொல்ல முடியுமா? கேட்ட உடனே நகல் எடுத்துக் குடுத்தாங்க. மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டு ஆளுங்க சம்மதம்னு ஒரு கையெழுத்து வாங்குவாங்களே, அந்தத் தாள். இது யார் கையெழுத்து சார்?"

கார்டு சாரின் கையில் டம்ளர் அசையாமல் நின்றது.

"பக்கத்துல உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போட்டிருக்கீங்கன்னு நர்ஸ் படிச்சுச் சொன்னா. அண்ணன்! என் பேர்ல என் நாத்தனாரைப் படுக்க வெச்சு, அண்ணன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. சம்பந்தம் இல்லையா? கூடப் பொறந்த சம்பந்தம்! சொல்லுங்க அண்ணே, தங்கச்சி வயித்துல கல்லோட விமானம் ஏறட்டுமா?"

"அக்கா, அன்னைக்கு அவசரத்துல..."

"அண்ணன் தங்கச்சியை அக்காங்கறாரு, பாருடி!"

அவர் முகம் வெளிறியது. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். "நானும் சம்பளத்துக்கு வேலை பாக்கறவன்தான். ஒரு வருஷம் ஆகாம புது ஆளுங்களுக்குக் கார்டு போடாதேன்னு முதலாளி உத்தரவு. நான் என்ன பண்ணட்டும்? எனக்கும் குடும்பம் இருக்கு. பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க இங்கதான் ஸ்கூல் போகுதுங்க."

"உங்க வீட்டம்மாவுக்குக் கார்டு இருக்கா?"

அவர் பையின் ஜிப்பை மறுபடி திறந்து மூடினார்.

"கேக்கறேன்ல. இருக்கா?"

"இருக்கு."

"அவங்க வந்து எத்தனாவது வாரம் வந்துச்சு?"

கார்டு சார் தரையைப் பார்த்தார். "வர்றதுக்கு முன்னாடியே போட்டு வெச்சிருந்தேன்" என்றார். அது அவர் வாயிலிருந்து வந்ததா, சட்டைப் பையிலிருந்து வந்ததா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சின்னக் குரல்.

அக்கா அந்தக் குரலுக்கு இரங்கவில்லை. இரங்கிப் பழகியவள்தான். யாராவது தலை குனிந்தால் தானும் சேர்ந்து குனிகிற ஜாதி அவள். இன்றைக்கு விலாவுக்குக் கீழே ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. அது அவளைக் குனிய விடவில்லை.

"எழுதுங்க" என்றாள்.

"என்ன?"

"கடிதம். இப்பவே, இந்த நாற்காலியிலேயே. நீங்க எழுதலைன்னா இந்தத் தாள் நாளைக்குக் காலையில இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகும். நாங்க ரெண்டு பேரும் கூடவே போவோம். எழுதினா கடிதம் மட்டும் போகும். ரெண்டுல எது வேணும்னு அண்ணனே முடிவு பண்ணட்டும்."

கார்டு சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து கம்பெனி தலைப்பு அச்சிட்ட வெள்ளைத் தாளை எடுத்தார். கார், மாடிப்படி, ஆஸ்பத்திரி வராந்தா என்று போகிற இடமெல்லாம் கையெழுத்துப் போடுகிற மனிதர்; அவர் பையே ஒரு சின்ன ஆபீஸ்தான். எழுதினார். எழுதி முடித்து அக்காவிடம் நீட்டினார்.

அக்கா அதை வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, நாத்தனாரிடம் கொடுத்தாள். "பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவதானே நீ? இந்த ஊர் பத்திரிகையை எழுத்துக் கூட்டறியே தினமும். படி."

நாத்தனார் தாளைக் கண்ணருகே பிடித்தாள். உதடு அசைய அசையப் படித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். கார்டு சாரைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"அண்ணி, இதுல 'எங்களுக்குத் தெரியாமல் ஊழியர்கள்'னு இருக்கு."

"ஓஹோ."

"தப்பு" என்றாள் நாத்தனார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "தெரியாமலா? என்னைக் கைத்தாங்கலா உள்ளே கூட்டிட்டுப் போனது நீங்கதானே சார்? நான் மயக்கத்துல இருந்தேன், செத்துப் போகலை. எனக்கு ஞாபகம் இருக்கு."

அக்கா அந்தத் தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தாள். பதினான்கு வருஷம் துணி வெட்டிய கை. கிழிசல் நேர்கோடாக வந்தது. "அடுத்த தாள் எடுங்க."

இரண்டாவது தடவை 'தவறுதலாக' என்று எழுதினார். நாத்தனார் அதையும் கண்டுபிடித்தாள். இப்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து நின்று, எழுத எழுதவே படித்தாள். மூன்றாவது தாளில்தான் உண்மை வந்தது: ஊழியர் ஒருவருக்கு நிர்வாகம் உரிய காலத்தில் காப்பீடு எடுக்கவில்லை, அவசரத்தில் நிர்வாகத்தின் பிரதிநிதி முன்னிலையில் இன்னொரு ஊழியரின் அட்டை கொடுக்கப்பட்டது, ஆபரேஷன் நடந்தது அட்டைக்குரியவருக்கு அல்ல.

"பிரதிநிதின்னா யாருன்னு கீழே பேர் போடுங்க" என்றாள் அக்கா.

போட்டார். முத்திரையையும் குத்தினார். மை காயட்டும் என்று நாத்தனார் அதை ஊதினாள்.

"இது போனா உங்களுக்கும் விசாரணை வரும் அக்கா" என்றார் கார்டு சார், பையை மூடியபடி. மிரட்டலாக இல்லை. களைத்துப் போய்ச் சொன்னார். "அபராதம் வரலாம். ரெண்டு பேர் வேலையும் போகலாம். எனக்கும்தான். அதை மட்டும் மறந்துடாதீங்க."

"வரட்டும். கல்லை எடுத்த பிறகு வரட்டும். உயிரோட நின்னு பதில் சொல்றேன்."

நாத்தனார் அதற்குள் கடிதத்தைப் போனில் படம் பிடித்து நர்ஸுக்கு அனுப்பியிருந்தாள். போன் மணி அடித்தது. பேசிவிட்டு, மூச்சு வாங்கச் சொன்னாள்: "டாக்டரம்மா பார்த்துட்டாங்களாம் அண்ணி. இதே போதுமாம். மூலத்தை எடுத்துக்கிட்டு இப்பவே வந்து படுக்கச் சொல்றாங்க. அனுமதி வர்றதுக்குள்ள மத்த சோதனையெல்லாம் முடிச்சுடறாங்களாம்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணீர் வந்தது, அதற்கும் கோபம்தான் வந்தது. ஒரு வெள்ளைத் தாளில் பத்து வரி. இதற்குப் பத்து நாள் இவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்!

கார்டு சார் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, தயங்கி, "நான் வேணும்னா வண்டியில கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். ஒரு தடவை கொண்டுபோய் விட்டதே போதும்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவை ஊருக்கு அனுப்ப அவர் கொண்டு வந்த அந்த இரண்டு அச்சடித்த தாள்களும் நாற்காலியின் மேலேயே கிடந்தன. அக்கா அவற்றை எடுத்து நான்காக மடித்து, அவர் கையில் திணித்தாள்.

"முதலாளி பெரிய மனசுக்காரர்னு சொன்னீங்களே. அவரையே கையெழுத்துப் போட்டுட்டு ஊருக்குப் போகச் சொல்லுங்க."

கார்டு சார் படியிறங்கினார். இரண்டாவது படியில் அவர் திரும்பிப் பார்த்தபோது, கத்திரி அக்கா கதவை முழுக் கையால் தள்ளிச் சாத்தினாள்.